முதல் மாடியில் ஒரு லினன் ரூம்

1

நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில் ஒரு பால்பவுடர் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. இருபத்து நான்கு வருடங்களாக இதேதான். மூட்டையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கி, முகர்ந்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுத் துப்ப வேண்டும். பிறகு படிவத்தில் எண் எழுத வேண்டும். விருதுநகரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "பால்பொடிய மோந்து பாத்துத் துப்புற வேல" என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரிப்பார்கள்.

காலை பத்து மணிக்கு எங்களுக்குத் தேநீர் இடைவேளை. அன்று பக்கத்து மேசைக்காரர் கிரெக், பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். அவருடைய மச்சினன் அச்சு இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கிறவன். சிவகாசிக்குப் போய்விட்டு வந்திருக்கிறான்.

"உன் ஊர்ப் பக்கம்தானே அது?"

"ஆமாம். அரை மணி நேரத் தூரம்."

"அங்கே அவன் தங்கின ஹோட்டல் ரொம்பச் சாதாரணமாம். ஆனால் உள்ளே ஒரு பார் இருக்கிறதாம். காக்டெயில் பார். அவன் உலகம் சுற்றுகிறவன். இந்த மாதிரி எங்கேயும் குடித்ததில்லை என்கிறான்."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பார் என்றால் எனக்குத் தெரிந்தது இருட்டு, ஈரமான மேசை, காகிதத்தில் மிக்சர். "வேறு ஊராக இருக்கும்" என்றேன். கிரெக் கைப்பேசியைத் தடவி, எழுத்துக்கூட்டி வாசித்தார்: "விருது... நேகர்." அப்புறம், "இன்னொரு வேடிக்கை. அங்கே பார் நடத்துகிற பெண் நம்மைப் போலவே ஆங்கிலம் பேசினாளாம். ஹாமில்டனில் வளர்ந்தவளாம். பெயர் கேல்."

கேல் என்கிற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு விருதுநகரில் என்ன ஜோலி என்று மத்தியானம் வரை யோசித்தேன். மூன்று மணிக்கு கிரெக் ஒரு படம் அனுப்பினார். மர மேடைக்குப் பின்னால் ஒரு பெண், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, முகத்தைப் பாதி திருப்பி நிற்கிறாள்.

என் மகள் கயல்விழி.

இங்கே பள்ளிக்கூடத்தில் எந்த ஆசிரியருக்கும் 'கயல்' வாயில் வரவில்லை. கேல் என்றுதான் கூப்பிட்டார்கள், அறிக்கை அட்டையிலும் அப்படியே எழுதினார்கள். அவை அத்தனையிலும் பெற்றோர் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் பெயரை அடுத்தவர் வாயால் கேட்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று மிச்சமிருந்த மூட்டைகளுக்கு என்ன எண் எழுதினேன் என்று நினைவில்லை.

2

கயல் இங்கே பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படித்தாள். என்னைப் போலவே கம்பெனிக்கு வருவாள் என்று எண்ணியிருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனவள், பெங்களூரில் ஒரு உணவுக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றாள். நானும் ஊரெல்லாம் அதையே சொன்னேன். இங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடும்போது பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் மகன் சிட்னி, இன்னொருவர் மகள் லண்டன். எல்லாப் பிள்ளைகளும் எங்களைவிட்டு இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். என் மகள் பெங்களூர் என்று சொன்னால் "பரவால்லையே, திரும்பிப் போயிருக்காளே" என்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள். அதட்டிப் பார்த்தோம், சனிக்கிழமை தமிழ் வகுப்பில் சேர்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

படத்தோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சாந்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசியை அவள் முன்னால் நீட்டினேன்.

"தெரியும்" என்றாள். கத்தி நிற்கவில்லை.

"என்ன தெரியும்?"

"செல்வம் ஹோட்டல்லதான் இருக்கா. ரெண்டு வருசமாச்சு."

செல்வம் என் சித்தப்பா மகன். மதுரை ரோட்டில் லாட்ஜும் சைவ ஹோட்டலும் வைத்திருக்கிறான். மாதம் ஒரு தடவையாவது என்னோடு போனில் பேசுகிறவன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவகிட்டப் பேசுறப்பக் கேக்குறது ரெண்டே ரெண்டு. சாப்பிட்டியா, அங்க மழையா. என்ன வேல பாக்கன்னு ஒரு நா கேட்டீகளா? கேட்டிருந்தா அவளே சொல்லிருப்பா."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிரெக்கோடு சேர்ந்து நானும் இரண்டு பீர் குடிக்கிறவன்தான். அது சாந்திக்குத் தெரியும், விருதுநகருக்குத் தெரியாது. எங்கள் அப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர். எங்கள் வகையறாவில் சாராய வாசம் வருகிற ஆளுக்குப் பந்தியில் கடைசி இலைதான். அப்படியிருக்க நான் இங்கே குடிப்பதில் எனக்குச் சங்கடமில்லை, என் மகள் அங்கே கலக்கிக் கொடுப்பதில் மட்டும் சங்கடம். இதில் என்ன நியாயம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிடிபடவில்லை.

அப்பா இறந்த பிறகு வாரிசு வேலைகள் சில பாக்கி இருந்தன. அதைச் சாக்காக வைத்து விமானச் சீட்டு எடுத்தேன்.

3

செல்வம் மதுரைக்கே வந்து கூட்டிப்போனான். வழியெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசினான், நாலு வழிச் சாலையைப் பற்றிப் பேசினான், கயல் பெயரை மட்டும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஹோட்டலில் ஒரு மாற்றமும் இல்லை. வரவேற்பில் பட்டாசுக் கம்பெனிக் காலண்டர், கீழே 'சுத்த சைவம்', மேலே மூன்று மாடி அறைகள். காலண்டர் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள், சீசனுக்கு முன்னால் வெடிச் சரக்கு பார்க்க வருகிற வடக்கத்தி வியாபாரிகள், கலெக்டர் ஆபீசில் ஜோலி உள்ளவர்கள் என்று தங்குவார்கள். பின்பக்கம் ஒரு பழைய பார் இருந்தது. அதை மூடியாகிவிட்டது என்றுதான் ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மூடல அண்ணே" என்றான் செல்வம், படியேறும்போது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "லைசென்ஸ் அப்படியே இருக்கு. பிளான் மாத்திக் குடுத்து, பெர்மிசன் வாங்கி, மாடிக்குக் கொண்டு போயிட்டோம். பாப்பா யோசனைதான். வாங்க."

முதல் மாடியில் 105-ஆம் அறையைத் தாண்டி, 'லினன் ரூம்' என்று பலகை போட்ட கதவு. திறந்தால் உண்மையிலேயே சலவை செய்த படுக்கை விரிப்புகள் அடுக்கிய அலமாரி. அதன் பக்கத்தில் இன்னொரு கதவு.

உள்ளே இருபது பேர் உட்காரலாம். சாயங்காலம் நாலு மணி, இன்னும் திறக்கவில்லை. நீளமான மர மேடையில் நாலைந்து கண்ணாடிச் சீசாக்கள். ஒன்றில் நன்னாரி வேர் கிடந்தது. இன்னொன்றில் கொடுக்காப்புளி. ஒரு ஓரத்தில் சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு குவிந்திருந்தது. ஐஸ் பாளம் ஒன்று கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கயலின் முகம் தெரிந்தது.

"எப்ப வந்தீகப்பா?" என்றாள்.

நான் தடுமாறிப்போனேன். வந்தீக. நாங்கள் ஒரு வார்த்தை தமிழுக்கு இருபது வருடம் கெஞ்சிய பிள்ளை. யோசித்து வைத்திருந்த கேள்வியெல்லாம் மறந்துபோனது.

"இப்பத்தான்" என்றேன். "சாப்பிட்டியா?"

அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்ததா, எலுமிச்சை தெறித்ததா, தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் சேலைக்கு மேல் நீல ஏப்ரன் கட்டிய ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒற்றை மூக்குத்தி. "இது மாரிக்கா" என்றாள் கயல். முத்துமாரி. சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்துக்காரி. முன்பு பட்டாசுக் கம்பெனியில் பேன்சி வெடிகளுக்கு வெடிமருந்து அடைத்தவள். பக்கத்து அறையில் விபத்து நடந்து, கூட வேலை பார்த்தவர்கள் இறந்த பிறகு, அவளால் அந்த வாசத்துக்குள் போக முடியவில்லை. கீழே ஹோட்டலில் பாத்திரம் கழுவ வந்தாள். ஒரு நாள் கயல் வைத்திருந்த எலுமிச்சைச் சாற்றை எட்ட நின்று முகர்ந்துவிட்டு, "பாப்பா, இது நேத்துப் பிளிஞ்சதுல்ல?" என்றிருக்கிறாள். அன்றே கயல் அவளை மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

"வாங்கண்ணாச்சி. ஒண்ணு போட்டுத் தாரேன், குடிச்சுப் பாருங்க" என்றாள் மாரி. அப்புறம், சாதாரணமாக, "சரக்கு போட்டா, போடாமலா?"

நான் கயலைப் பார்த்தேன். கயல் மின்விசிறியைப் பார்த்தாள். செல்வம் காணாமல் போயிருந்தான்.

"போடாம" என்றேன்.

வெள்ளரிப்பிஞ்சுச் சாறு, நன்னாரி, எலுமிச்சை, அதோடு சம்பா வத்தல் ஊறிய உப்புத் தண்ணீர் நாலு சொட்டு. மாரி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் தொட்டாள், திரும்பி நின்று துப்பினாள், இன்னும் ஒரு சொட்டுச் சேர்த்தாள், பிறகுதான் எனக்குக் கொடுத்தாள். குளிர்ச்சி முதலில் வந்தது. புளிப்பும் நன்னாரி வாசமும் ஒன்றாக வந்தன. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது தொண்டைக்குப் பின்னால் மெல்ல வத்தல் எழுந்தது, எரிக்காமல், ஒரு சூடாக. நாக்கை வைத்துப் பிழைக்கிறவன் நான். இது எப்பேர்ப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும்.

"இது யார் கண்டுபிடிச்சது?"

"அக்காதான்" என்றாள் கயல். "இங்க நல்லா இருக்கிறதுல பாதி அக்காது."

நான் தம்ளரை வைத்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போட்டு ஒண்ணு குடும்மா" என்றேன்.

என் மகள் முன்னால் நான் குடித்த முதல் மது அது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

4

வாரிசு வேலை தாலுகா ஆபீசில் தொடங்கி, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பத்திரத்தில் அப்பா பெயர் ராசையா. இறப்புச் சான்றிதழில் ராஜையா. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

அன்று காலை செல்வத்தின் கார் பட்டறையில் இருந்தது. மாரியை அவள் கணவன் கருப்பசாமி தன் குட்டியானையில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி லோடு அடிக்கிற வண்டி.

"சூலக்கரைக்குத்தான போறீக? எங்க வீட்டுக்காரரு அந்த வளியாத்தான் போறாரு. ஏறிக்கிடுங்க" என்றாள் மாரி.

ஏறிக்கொண்டேன். கருப்பசாமி அதிகம் பேசாதவன், மரியாதையானவன். பான், பீடி எதுவும் கிடையாது. முன் கண்ணாடியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளின் படத்தை ஒட்டியிருந்தான். எனக்கு உற்சாகமாக இருந்தது. நம் பேச்சு, நம் ஆள், நம் ரோடு. இத்தனை வருடம் கழித்தும் என் நாக்கில் ஊர்த்தமிழ் பிசகாமல் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அங்கன அப்படி என்ன ஜூஸ் அண்ணாச்சி போடுறாக?" என்று அவனே கேட்டான். "அவ கையில எந்நேரமும் எலுமிச்ச வாசம். கேட்டா, ஜூஸ் செக்சன்ல இருக்கேங்கா."

"ஜூஸா? என்னப்பா நீ!" என்றேன். "வெளிநாட்டுக்காரன் வந்து குடிச்சிட்டு நியூசிலாந்துல போய்ச் சொல்லுதான், இந்த மாதிரி பார் உலகத்துல இல்லன்னு. என் மக சும்மா பேருக்குத்தான். உன் வீட்டுக்காரிதான் அந்தப் பாருக்கே உசுரு. ஜின்னுல வத்தல் தண்ணிய அவ அளந்து விடுறதப் பாக்கணுமே..."

"பாரா?" என்றான்.

"ஆமா. மாடியில..."

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். கியரைப் பிடித்தபடி அப்படியே இருந்தது. வண்டி வேகம் குறைந்து, பின்னால் வந்த பஸ் ஒலி எழுப்பியது. கலெக்டர் ஆபீஸ் வாசலில், "இறங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்றான். லோடுக்கு நேரமாகிவிட்டது போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே இருந்த அலுவலர் பொறுமையான மனிதர். படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வெளிநாடு. உள்ளூர்ல உங்களுக்குப் பொறுப்பா யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"மக இருக்கா."

"அவங்க அங்கதான பொறந்து வளந்திருப்பாங்க?"

"ஆமா சார். நான் இங்க பொறந்து அங்க இருக்கேன். அவ அங்க வளந்து இங்க இருக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் எழுதச் சொன்னார். கயல்விழி, மகள் என்று எழுதினேன். முகவரிக்கு செல்வத்தின் ஹோட்டல். எத்தனையோ படிவத்தில் அவளுக்குப் பொறுப்பாளர் நான் என்று எழுதியிருக்கிறேன். தலைகீழாக எழுதியது அன்றுதான்.

5

மறுநாள் மாரி வரவில்லை. கைப்பேசி அணைந்திருந்தது. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கான்பூரிலிருந்து வந்த வியாபாரிகளுக்காக மேசைகள் பதிவாகியிருந்தன. கயல் தனியாக நின்று போட்டாள். அளவுக் குவளை, தராசு எல்லாம் அவளிடம் இருந்தன, ஒவ்வொன்றையும் அளந்துதான் ஊற்றினாள். நான் ஓரத்தில் உட்கார்ந்து ருசித்துப் பார்த்தேன். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அது வேறு பானம். வத்தல் முந்திக்கொண்டு வந்து நின்றது. கயலுக்கும் தெரிந்தது. மூன்று தடவை கொட்டிவிட்டு மறுபடி போட்டாள்.

அவர்கள் போன பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, யார்ட்ட என்ன சொன்னீக?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"அவர்ட்டயா? அவர்ட்டப் போயா சொன்னீக? அக்கா ஒன்றரை வருசமா வீட்ல ஜூஸ்னு சொல்லிட்டு இருக்கு. பொண்ணு பத்தாவது படிக்கா. பார்ல வேலன்னா அந்த ஊர்ல என்ன அர்த்தம் வரும்னு உங்களுக்குத் தெரியாதா? மெனு கார்டுல அக்கா பேரப் போடுறேன்னு நான் சொன்னப்பக்கூட வேண்டாம்னுச்சு. இங்க பொறந்து வளந்தது நீங்களா நானா?"

"நான் நல்லதாத்தானம்மா சொன்னேன். பெருமையாத்தான..."

அதற்குமேல் அவள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். வேகமாக, ஹாமில்டன் தெருவில் பேசுகிற ஆங்கிலம். வசவுதான். இருந்தாலும், பழைய மகள் திரும்பி வந்தது போல ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அறைக்குப் போய்ப் படுத்தேன். ஊர் வார்த்தைகள் அத்தனையும் எனக்கு நினைவிருக்கின்றன. அங்கன, இங்கன, அம்புட்டு, எம்புட்டு. எந்த வார்த்தையை எந்த ஆளிடம் விழுங்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டிருக்கிறேன். கயல் அதை மூன்றே வருடத்தில் படித்துவிட்டாள்.

காலையில் அவள் ஒரே வாக்கியம் சொன்னாள். "நீங்களே போய்ப் பேசுங்க."

6

சாத்தூரில் பஸ் மாறி, அச்சங்குளத்தில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக் கேட்டுகள் சாத்தியிருந்தன. கருப்பசாமி வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினான்.

"உள்ள வாங்க" என்றான். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மாரி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"தப்பு என் மேலதாம்ப்பா" என்று ஆரம்பித்தேன். "தெரியாம வாய விட்டுட்டேன். ஆனா அங்க ஒரு தப்பான ஆளும் வாரதில்ல. என் மகளும் அங்கதான நிக்கா..."

கையைக் காட்டி நிறுத்தினான்.

"அண்ணாச்சி, பாருன்னா எனக்குச் சங்கடந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவ மருந்து அடைக்கப் போனப்ப, எங்கன சத்தங் கேட்டாலும் வண்டிய ஓரங்கட்டிட்டு போன் போடுவேன். அவ எடுக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. அந்தப் பயத்துக்கு இது எம்புட்டோ தேவல." அவன் குரல் இறங்கியது. "எனக்கு வருத்தம் அது இல்ல. எம் பொண்டாட்டி எங்கன வேல பாக்கான்னு, கண்காணாத தேசத்துலருந்து வந்த ஆளு சொல்லி நான் தெரிஞ்சுக்கிடணுமா?"

தண்ணீரைக் குடித்தேன். பிறகு கிரெக்கைப் பற்றிச் சொன்னேன். பிஸ்கட், மச்சினன், கேல் என்ற பெயர், மூன்று மணிக்கு வந்த படம் எல்லாவற்றையும்.

அவன் முழுவதையும் கேட்டான். "அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"உங்க வீட்ல?"

"அவளுக்கு ரெண்டு வருசமாத் தெரியும்."

கருப்பசாமி கைலியில் கையைத் துடைத்துக்கொண்டான். "சரிதான்" என்றான். "நம்ம ரெண்டு பேருக்கும் ஊரான் வந்துதான் சொல்லணும்போல." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

அப்போது அடுப்படி நிலையில் மாரி வந்து நின்றாள்.

"சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்பீக?" என்றாள்.

இருவரும் நிமிர்ந்தோம்.

"ரெண்டு பேரையுந்தான் கேக்கேன். நான் பார்ல நிக்கேன்னு மொத நாளே பாப்பா சொல்லிருந்தா, நீங்க என்ன செஞ்சிருப்பீக? நான் சொல்லிருந்தா இவரு என்ன செஞ்சிருப்பாரு? வேண்டாம்பீக. மொதல்ல வேண்டாம்னுதான் வாயில வரும். பொறவு உக்காந்து யோசிப்பீக. அந்த யோசன முடியுறதுக்குள்ள நான் ஒரு வேலய ஒளுங்காப் படிச்சுக்கிட்டேன்."

கருப்பசாமி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"சாப்பிட்டுப் போங்க" என்றாள் மாரி. கருவாட்டுக் குழம்பு. உட்கார்ந்து சாப்பிட்டேன். வேலைக்கு வருவாளா என்று கேட்கவில்லை.

7

அந்த வாரம் முழுக்க அவள் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு மத்தியானம், புருசன் பொண்டாட்டி இரண்டு பேரும் லினன் ரூம் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். கருப்பசாமி வெளுத்த சட்டை போட்டிருந்தான். கயல் ஓடிப்போய் மாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாரி அந்தக் கையை விலக்கி முகர்ந்துவிட்டு, "இஞ்சி நறுக்குன கத்தியால வெள்ளரி நறுக்கிருக்க" என்றாள்.

கருப்பசாமி மேடைக்கு முன்னால் ஒரு நாற்காலி நுனியில், விழுந்துவிடுவது போல உட்கார்ந்தான். சுவர், சீசா, ஐஸ் பாளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். மாரி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவனுக்கு ஒன்று போட்டாள், சரக்கு இல்லாமல். அவள் ருசி பார்த்துத் துப்புவதை அவன் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். குடித்தான். தம்ளரை வைத்தான். மறுபடி எடுத்தான்.

"உறைப்பு பின்னாலருந்து வருது" என்றான்.

"ஆமா."

"எப்படி?"

"அதான் வேல" என்றாள் மாரி.

பிறகு கயலிடம் திரும்பினாள். "பாப்பா, அந்தக் கார்டுல எம் பேரப் போடுறேன்னு சொன்னியே, இப்பப் போடு. ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனி எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு. முத்துமாரி, அச்சங்குளம்னு முளுசாப் போடு."

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மாரியின் நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு இவளைக் கூப்பிடவில்லை. பத்தாவது படிக்கிற மகள் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள், "ஜின்னுன்னா என்னம்மா? அது எதுலருந்து எடுக்காங்க?" என்று கேட்டிருக்கிறாள். இது நல்லதா கெட்டதா என்று மாரிக்கே குழப்பம். கருப்பசாமி இப்போதும் வாசலோடு இறக்கிவிட்டுப் போய்விடுகிறான், மாடி ஏறுவதில்லை. ஆனால் யாராவது கேட்டால் ஜூஸ் என்று சொல்வதில்லையாம்.

நானும் கயலும் சமாதானமானோமா? கிளம்புகிற அன்று, என்னோடு வந்துவிடுகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. "அந்த ஐஸ் எப்படிக் கண்ணாடி மாதிரி வருது?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் சொன்னாள். என் மகள் என்னிடம் இத்தனை நேரம் தொடர்ந்து பேசியது, அவளுடைய பத்து வயதுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

8

மதுரை விமான நிலையத்தில் காத்திருக்கும்போது, எங்கள் அப்பா காலத்திலிருந்து தெரிந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பருப்பு வியாபாரம். நெற்றி நிறைய விபூதி. எங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் வரிசையில் இருப்பவர். அவர் பிள்ளையைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறார்.

நலம் விசாரித்தபிறகு, எதிர்பார்த்த கேள்வி வந்தது. "மக என்ன செய்யுதா? பெங்களூர்லதான?"

தலையாட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. கார்டில் தன் பெயரை முழுசாகப் போடச் சொன்னவளை நினைத்துக்கொண்டேன்.

"இல்லண்ணாச்சி. நம்ம செல்வம் ஹோட்டல்ல இருக்கா. மாடியில பார் நடத்துறா. அச்சங்குளத்து முத்துமாரின்னு ஒரு பொண்ணும் அவளும் சேர்ந்து."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். போர்டிங் அறிவிப்பு வந்து முடியும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு உறவு முறிந்தது, இனி அந்தத் தெருப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று நான் முடிவுசெய்துகொண்டேன்.

பிறகு என் பக்கமாகச் சாய்ந்து, காதோடு கேட்டார்:

"வெள்ளரியும் நன்னாரியும் போட்டு, கடைசியா வத்தல் ஏறுமே... அது ஒம் மக போடுறதா, அந்த அச்சங்குளத்துப் புள்ள போடுறதா?"

"அந்தப் புள்ள போடுறது" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வேறெங்கோ பார்த்தபடி, "வீட்ல தெரியாது, பாத்துக்கோ" என்றார்.

அவர் யார், எந்தத் தெரு, எந்தக் கடை என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். சாந்தியிடம்கூட நான் சொல்லவில்லை.